குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியும் பெற்றோரின் மன அழுத்தமும்: என்ஐசியூ முதல் இரண்டு வயது வரை முழுமையான வழிகாட்டி

குறைமாதத்தில் பிறந்த குழந்தை வீட்டுக்கு வரும்போது கூடவே ஒரு டிஸ்சார்ஜ் தாளும் வரும். எடை, மருந்தின் அளவு, கண் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதி எல்லாம் அதில் எழுதியிருக்கும். பெற்றவர்கள் எப்படித் தூங்கப் போகிறார்கள், மூச்சு வருகிறதா என்று பார்க்க இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார்கள் என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதுவும் அந்தத் தாளில் இருக்க வேண்டிய விஷயம்தான். பெற்றோரின் மனதைக் கவனிப்பது குழந்தைக்கான சிகிச்சையின் ஒரு பகுதி.

காரணம் எளிது. குறைமாதக் குழந்தையின் சைகைகள் மிக மெல்லியவை, நொடியில் மாறுபவை. அவற்றைப் புரிந்துகொள்ள நிதானமான மனம் வேண்டும். ஆனால் பெற்றோரின் நிதானம் அடியோடு குலைந்திருக்கும் நாட்களில்தான் அந்தச் சைகைகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. புரியாதபோது சிலர் அளவுக்கு மீறிக் கொஞ்சி, ஆட்டி, பொம்மை காட்டித் திணறடிப்பார்கள். சிலர் தொடவே பயந்து ஒதுங்கிவிடுவார்கள். இரண்டிலும் குழந்தை இன்னும் சிணுங்கும், அல்லது இன்னும் அடங்கிப்போகும். அதைப் பார்த்துப் பெற்றோரின் பதற்றம் கூடும். இந்தச் சுழலை எங்கே, எப்படி அறுப்பது என்பதுதான் கீழே வரும் படிகளின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "நான் கவலைப்பட்டதால்தான் குழந்தை பின்தங்கியது" என்று எந்தத் தாயும் நினைக்க வேண்டியதில்லை. எத்தனை வாரத்தில் பிறந்தது, மூளையில் ரத்தக்கசிவு இருந்ததா, நுரையீரல் எந்த அளவு பாதித்தது, தொற்று வந்ததா என்பவை வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அவற்றை நாம் மாற்ற முடியாது. வீட்டுச் சூழலையும் பெற்றோருக்குக் கிடைக்கும் துணையையும் மாற்ற முடியும். அதனால்தான் இவ்வளவு விரிவாகப் பேசுகிறோம்.

படி 1: திருத்திய வயதைக் கணக்கிடுங்கள்

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் மிக மிகக் குறைமாதம், 28 முதல் 32 வாரத்துக்குள் மிகக் குறைமாதம், 32 முதல் 37 வாரத்துக்குள் மிதமான குறைமாதம். உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று குறைமாதம். இவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது வகை.

40 வாரத்திலிருந்து குழந்தை பிறந்த வாரத்தைக் கழியுங்கள். அந்த விடையைக் குழந்தையின் இப்போதைய வயதிலிருந்து கழித்தால் வருவது திருத்திய வயது. 30 வாரத்தில் பிறந்த குழந்தை 10 வாரம் முந்தி வந்திருக்கிறது. பிறந்து 26 வாரம், அதாவது ஆறு மாதம் ஆகும்போது அதன் திருத்திய வயது 16 வாரம்தான்; நான்கு மாதம்கூட நிறையவில்லை. ஆறு மாதக் குழந்தை உட்கார முயலவில்லையே என்று அந்த வீட்டில் கலங்கினால், அது இல்லாத பிரச்சினைக்காகப் படும் வேதனை.

தலை நிற்பது, சிரிப்பது, குப்புற விழுவது, பேசுவது ஆகிய எல்லாவற்றுக்கும், எடை, உயரம், தலைச்சுற்றளவு ஆகியவற்றுக்கும் திருத்திய வயதுதான் அளவுகோல். திட உணவு தொடங்கும் நேரத்துக்கும் அதையே முதலில் பாருங்கள். கூடவே தலை நிற்கிறதா, கரண்டியைக் கண்டால் வாய் திறக்கிறதா என்பதையும் பார்த்து மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் இது பொருந்தாது. தடுப்பூசி பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டே போடப்பட வேண்டும். "இன்னும் சின்னக் குழந்தை, பிறகு போடலாம்" என்று தள்ளிவைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. தொற்று எளிதில் தாக்குவது இந்தக் குழந்தைகளைத்தான்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. திருத்திய வயதைக் கணக்கிட்ட பிறகும் பின்தங்கியிருக்கும் குழந்தையைப் பார்த்து, "குறைமாதம்தானே, தானாகச் சரியாகும்" என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடிவிடும். ஏற்கெனவே கழித்துவிட்ட வாரங்களை மறுபடி ஒருமுறை சலுகையாகக் கொடுக்கக் கூடாது.

படி 2: என்ஐசியூவில் பெற்றோராக இருங்கள்

என்ஐசியூவில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், பெற்றோரை வாட்டுபவை மூன்று: மானிட்டர் சத்தமும் கருவிகளும் நிறைந்த சூழல், வயர்களுக்கும் ட்யூபுக்கும் நடுவே மெலிந்து கிடக்கும் குழந்தையின் தோற்றம், தன் குழந்தைக்குத் தானே எதுவும் செய்ய முடியாத நிலை. இவற்றில் மூன்றாவதுதான் பெரும்பாலும் ஆழமாகக் காயப்படுத்துகிறது. அதற்கு ஆறுதல் வார்த்தை போதாது, கையில் வேலை வேண்டும்.

நர்ஸிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இன்று நான் எதைச் செய்யலாம்?" டயப்பர் மாற்றுவது, காய்ச்சல் பார்ப்பது, வாய் துடைப்பது, ட்யூபில் பால் போகும்போது கையில் பிடித்திருப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் 26 என்ஐசியூக்களில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோர் நாளுக்கு ஆறு மணி நேரமாவது உடனிருந்து பராமரிப்பில் பங்கெடுத்தார்கள். குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. ஆறு மணி நேரம் எல்லோருக்கும் முடியாது. ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அதைக் குழந்தைக்குப் பராமரிப்பு நடக்கும் வேளையோடு பொருத்திக்கொள்ளுங்கள். வெளியே நாற்காலியில் காத்திருக்கும் ஐந்து மணி நேரத்தைவிட அது மேல்.

*கங்காரு பராமரிப்பு*

குழந்தையைப் பெற்றோரின் வெறும் மார்பில், தோலோடு தோல் படும்படி வைத்திருப்பதுதான் கங்காரு பராமரிப்பு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. இன்று இன்குபேட்டர் நிறைய இருக்கும் மருத்துவமனைகளும் கைவிடாத சிகிச்சை. ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கு, உடல்நிலை நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்பது 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை.

செய்முறை:

1. குழந்தைக்கு டயப்பர், தொப்பி, காலுறை மட்டும். உங்கள் மார்பில் துணி கூடாது. முன்பக்கம் திறக்கும் உடை வசதி.
2. குழந்தையை நிமிர்ந்த வாக்கில், இரு மார்புகளுக்கும் நடுவே வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, லேசாக மேல்நோக்கி இருக்கட்டும்.
3. கால்கள் தவளை போல மடங்கி விரிந்திருக்க வேண்டும். கைகளும் மடங்கி உங்கள் மார்பின் மேல்.
4. துணியால் சுற்றிக் கட்டுங்கள். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே வரட்டும். நீங்கள் எழுந்தாலும் குழந்தை நழுவாத இறுக்கம், வயிறு ஏறி இறங்க இடம் தரும் தளர்வு, இரண்டும் வேண்டும்.
5. சற்றுச் சாய்ந்த நாற்காலியிலோ கட்டிலிலோ இருங்கள். ஒரு முறைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். தூக்கி வைத்து எடுப்பதே குழந்தைக்குக் களைப்பு. பத்து நிமிடத்துக்காக அந்தச் சிரமத்தைத் தர வேண்டாம்.

அதிகம் நேரும் தவறு, தாடை மார்போடு ஒட்டும்படி தலை கவிழ்வது. மூச்சுக்குழல் மடிந்து அடைபடும். முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தந்தையும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். குழந்தையைத் தூக்கவே நடுங்கும் தந்தைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

*தாய்ப்பால்*

நேராகக் குடிக்க முடியாத நாட்களில் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். பிரசவமான சில மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை. நள்ளிரவுக்குப் பின் ஒரு முறையாவது. முதல் இரண்டு நாள் சில சொட்டுகள்தான் வரும். அதுவும் குழந்தையின் வாய்க்குள் தடவப் பயன்படும். பதற்றமான நாளில் பால் குறைந்ததுபோலத் தோன்றினால், சுரப்பு நின்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மன அழுத்தம் பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைத் தடுக்கிறது. பால் உள்ளே இருக்கும், இறங்கத் தாமதமாகும். கங்காரு பராமரிப்பு முடிந்த கையோடு, அல்லது குழந்தையின் அருகிலேயே உட்கார்ந்து பீய்ச்சினால் எளிதாக இறங்கும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் பால் போதவில்லை என்றால் தானப் பாலும் குறைமாதக் குழந்தைக்கான பால்மாவும் உண்டு. இதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

படி 3: குழந்தையின் சைகையைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைத் தேர்ந்தெடுங்கள்.

நிறைமாதக் குழந்தை பசித்தால் வீட்டையே எழுப்பும். குறைமாதக் குழந்தை பல நேரம் புருவத்தைச் சுருக்குவதோடு நிறுத்திவிடும். அதன் நரம்பு மண்டலம் ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் தாங்கும். மூச்சைச் சீராக்க வேண்டும், உடல் சூட்டைக் காக்க வேண்டும், அதற்கு மேல் உங்கள் முகத்தையும் பார்க்க வேண்டும், குரலையும் கேட்க வேண்டும் என்றால் ஏதோ ஒன்று கைநழுவும்.

"போதும்" என்று குழந்தை சொல்லும் விதங்கள்: விரல்களை விசிறிபோல விரிப்பது, கையை முன்னால் நீட்டித் தடுப்பது, முதுகை வில்லாக வளைப்பது, தொடர்ந்து விக்கல், கொட்டாவி அல்லது தும்மல், முகம் திருப்புவது, வெறித்த பார்வை, தோலில் திட்டுத் திட்டாக நிற மாற்றம், மூச்சு வேகமாவது. உடல் சட்டெனத் தளர்ந்து துவண்டுபோவதும் இதில் சேரும். அதைத் தூக்கம் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

"தயார்" என்று சொல்லும் விதங்கள்: கையை வாய்க்குக் கொண்டுபோவது, ஒரு கையை மறு கை பற்றுவது, தளர்ந்த புருவம், பளிச்சென்ற அமைதியான கண், சீரான மூச்சு, உங்கள் குரல் வரும் பக்கம் மெதுவாகத் திரும்புவது. இந்த நிலை ஆரம்பத்தில் ஓரிரு நிமிடம்தான் நீடிக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் செல்போனைப் பார்க்காமல் குழந்தையைப் பார்ப்பது, விலை உயர்ந்த எந்த "மூளை வளர்ச்சி" பொம்மையைவிடவும் பயனுள்ளது.

பழகும் முறை:

நாளுக்கு ஒரு முறை, பால் குடித்துச் சற்று நேரம் கழித்து, குழந்தையைத் தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். எந்தச் சைகை எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டு வரி குறித்து வையுங்கள். கதவு சத்தமா, வெளிச்சமா, டயப்பர் மாற்றியதா? ஒரு வாரத்தில் உங்கள் குழந்தைக்கே உரிய பட்டியல் கையில் இருக்கும். பெற்றோர் இருவருமே எழுதினால், ஒருவர் கவனித்ததை மற்றவர் தவறவிட்டது தெரியவரும்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் குரல் மட்டும், மெதுவாக. குழந்தை அமைதியாக இருந்தால் முகத்தைக் காட்டுங்கள், 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில். அதையும் தாங்கினால் தொடுங்கள். பேசிக்கொண்டே, கண்ணைப் பார்த்துக்கொண்டே, முதுகைத் தட்டிக்கொண்டே ஆட்டுவது நான்கு தூண்டல். இந்த வயதில் அது அதிகம்.

நீங்கள் ஏதாவது சொன்ன பிறகு பத்து நொடி காத்திருங்கள். குறைமாதக் குழந்தையின் பதில் தாமதமாக வரும். பதில் வரவில்லை என்று பெரியவர்கள் மூன்றாவது நொடியிலேயே அடுத்த ஒலியை எழுப்பிவிடுகிறார்கள். குழந்தை பதில் சொல்லத் தொடங்கிய இடத்தில் அது குறுக்கிடுகிறது.

"போதும்" சைகை வந்துவிட்டால் நிறுத்தி, கைகளால் அணைத்து அடக்குங்கள். ஒரு உள்ளங்கை குழந்தையின் தலையைக் குடை போலத் தாங்கட்டும். மறு கை மடக்கிய கால்களைப் பாதத்தோடு சேர்த்துப் பிடிக்கட்டும். அசையாத, உறுதியான கை. மெல்ல வருடுவது ஆறுதல் என்று நமக்குத் தோன்றும். பிஞ்சுத் தோலுக்கு அது கூச்சமும் எரிச்சலும். குழந்தை தளர்ந்ததும் ஒரு கையை எடுத்து, சற்றுப் பொறுத்து மறு கையை எடுங்கள்.

குழந்தை முகம் திருப்புவதை "என்னைப் பிடிக்கவில்லை" என்று எடுத்துக்கொள்வதுதான் பெற்றோரை அதிகம் நொறுக்குகிறது. உண்மையில் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ள அது கற்றுக்கொண்ட முதல் திறமை அது. திரும்பிய முகத்தைத் துரத்திப் போகாமல் காத்திருந்தால், பெரும்பாலும் அதுவே உங்களிடம் திரும்பி வரும்.

இந்தப் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நார்வேயின் ட்ரம்சோவில், இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கு, டிஸ்சார்ஜுக்கு முன் எட்டு அமர்வுகளிலும் பின்னர் நான்கு வீட்டுச் சந்திப்புகளிலும் நர்ஸுகள் சைகை படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோரின் மன அழுத்தம் குறைந்ததை 2006-ல் வெளியிட்டார்கள். அதே குழந்தைகளின் அறிவுத்திறன் ஐந்து வயதில் மேலாக இருந்ததை 2010-ல் வெளியிட்டார்கள்.

படி 4: டிஸ்சார்ஜுக்கு முன்

முடிந்தால் கடைசி ஒன்றிரண்டு இரவுகள் மருத்துவமனையிலேயே குழந்தையுடன் ஒரே அறையில் தங்குங்கள். மானிட்டர் இல்லாமல் குழந்தையைப் பார்க்கும் முதல் இரவு வீட்டில் வரக் கூடாது.

கிளம்பும் முன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: கண் விழித்திரைப் பரிசோதனை முடிந்ததா, அடுத்தது எப்போது, செவித்திறன் பரிசோதனையாக, ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளக்கும் பெரா செய்தார்களா (என்ஐசியூவில் இருந்த குழந்தைக்குக் காதில் செருகிச் செய்யும் ஓஏஇ பரிசோதனை மட்டும் போதாது, செவி நரம்பில் உள்ள கோளாறு அதில் தப்பிவிடும்), தலை ஸ்கேனில் என்ன வந்தது, இரும்புச்சத்து, வைட்டமின் டி எத்தனை சொட்டு. இரும்புச்சத்தின் அளவு எடையைப் பொறுத்தது. 1.8 கிலோவில் எழுதிக் கொடுத்த அளவையே 3.5 கிலோ ஆன பிறகும் கொடுத்துக்கொண்டிருப்பதால் பல குழந்தைகளுக்கு ரத்தசோகை வருகிறது. ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் "சொட்டு கூட்ட வேண்டுமா?" என்று கேளுங்கள்.

விழித்திரைப் பரிசோதனைத் தேதியை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். குறைமாத விழித்திரை நோய் சில நாட்களில் முற்றிப் பார்வையைப் பறிக்கக்கூடியது. உரிய நேரத்தில் பிடித்தால் சிகிச்சை உண்டு.

குழந்தையைக் கவனிக்கப்போகும் எல்லோரும் கைக்குழந்தைக்கான உயிர்காப்பு முதலுதவியை ஒரு முறையாவது செய்து பழகிவிட்டு வாருங்கள். இதற்காகச் செலவிடும் ஒரு மணி நேரம் பிறகு பல இரவுகளின் பயத்தைக் குறைக்கும்.

படி 5: வீட்டில் முதல் வாரங்கள்

தூக்கம் எப்போதும் மல்லாந்த நிலையில், உறுதியான சமமான படுக்கையில். தலையணை, பொம்மை, கனத்த போர்வை கூடாது. என்ஐசியூவில் குப்புறப் படுக்க வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் குப்புறத் தூங்கினால் திடீர் மரண ஆபத்து கூடும், அதுவும் குறைமாதக் குழந்தைக்கு அதிகம். ஒரே அறையில் தூங்குங்கள், ஒரே படுக்கையில் வேண்டாம். வீட்டுக்குள் புகைபிடிக்கவே கூடாது.

மூச்சு ஐந்து முதல் பத்து நொடி நின்று, பிறகு வேகமாகத் தொடர்வது இந்தக் குழந்தைகளிடம் சாதாரணம். 20 நொடி நின்றாலோ, அதற்குக் குறைவாக நின்றும் உதடு நீலமானாலோ அவசரம். பாதத்தைத் தட்டித் தூண்டிவிட்டு உடனே உதவிக்கு அழையுங்கள். முனகலுடன் மூச்சு, விலா எலும்புக்கிடையே தோல் உள்ளிழுப்பது, தொடர்ந்து இரண்டு வேளை பால் மறுப்பது, எழுப்ப முடியாத சோர்வு, வலிப்பு, 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடல் சூடு 36.5-க்குக் கீழே போனால் உடனே மார்போடு அணைத்துச் சூடேற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறாவிட்டால் மருத்துவமனை.

பால் கொடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் போர்க்களமாகிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தை ஒட்டித்தான் உருவாகத் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அது முழுமையடைந்திருக்காது. பாட்டிலில் கொடுத்தால் குழந்தையை ஒருக்களித்துச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். புருவம் உயர்வது, மூக்கு விடைப்பது, விரல் விரிவது, வாயோரம் பால் வழிவது தெரிந்தால் பாட்டிலைச் சாய்த்துப் பாலை நிறுத்தி மூச்சு வாங்க விடுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்; உள்ளே போகும் கலோரியை அந்த முயற்சியே எரித்துவிடும். மில்லிலிட்டர் கணக்கைக் காட்டித் திணிக்கப்படும் குழந்தை சில மாதங்களில் பாட்டிலைக் கண்டாலே அழத் தொடங்கும். நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏறுகிறதென்றால், ஒரு வேளை குறைந்ததற்காகக் கலங்க வேண்டாம். எடையை வாரம் ஒரு முறை, ஒரே தராசில் பாருங்கள். தினமும் எடை போடுவது பயத்துக்குத்தான் தீனி.

இரவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை ஒருவர், இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர். ஓய்வில் இருப்பவர் வேறு அறையில் தூங்கட்டும். தாய்ப்பால் நேரடியாகக் கொடுக்கும் வீட்டில், டயப்பர் மாற்றுவது, ஏப்பம் விடச் செய்வது, தூங்க வைப்பது எல்லாம் இன்னொருவர் பொறுப்பு. தாய்க்குப் பால் கொடுக்கும் வேலை மட்டும். தொடர்ந்து நான்கு மணி நேரத் தூக்கம் ஒரு நாளுக்கு ஒரு முறையாவது இரு பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும். தனியாக வளர்ப்பவர்கள், உதவ முன்வருபவரிடம் "எப்போதாவது வா" என்று சொல்லாமல் நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள்.

பார்க்க வருகிறோம் என்பவர்களிடம் முதல் சில வாரம் வேண்டாம் என்று சொல்லுங்கள். சளி, இருமல் உள்ளவருக்கு யாராயிருந்தாலும் அனுமதி இல்லை. இதைச் சொல்லும் பொறுப்பைத் தாயின் தலையில் போடாமல் வீட்டில் இன்னொருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஒரு முக்கியமான காலக்கணக்கு: குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போவது திருத்திய வயது ஆறு வாரத்தை ஒட்டி. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது பிறந்து நான்காம் மாதம் வாக்கில் வரும்; உதவிக்கு வந்தவர்கள் போயிருப்பார்கள், விடுப்பும் முடியும் தறுவாயில் இருக்கும். இதை எதிர்பார்த்து அந்த வாரங்களுக்கு இப்போதே ஆள் பேசி வையுங்கள். அழுகை அடங்காமல் உங்கள் பொறுமை எல்லை தாண்டினால், குழந்தையை மல்லாத்திப் பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டுப் பத்து நிமிடம் அறைக்கு வெளியே போங்கள். அழுவதால் குழந்தைக்கு ஆபத்தில்லை. உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

படி 6: வளர்ச்சியைக் கவனியுங்கள், துரத்தாதீர்கள்

கீழே சொல்லும் மாதங்கள் எல்லாம் திருத்திய வயது.

முகம் பார்த்துச் சிரிப்பது ஆறு முதல் எட்டு வாரத்தில். ஆதரவின்றி உட்கார்வதற்கான இயல்பான வரம்பு சுமார் 4 முதல் 9 மாதம். தனியாக நடப்பதற்கு சுமார் 8 முதல் 17 மாதம். இவ்வளவு அகலமான வரம்பு இருப்பதை நினைவில் வைத்தாலே பாதி ஒப்பீடுகள் அர்த்தமிழந்துவிடும்.

விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டுப் பழக்குங்கள். முதலில் உங்கள் மார்பின் மேல் இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. குறைமாதக் குழந்தைகளுக்கு முதுகுப்புறத் தசைகள் முன்புறத்தைவிட ஓங்கி நிற்கும். அதனால் பின்னால் வளைந்து விறைப்பார்கள், கால் விரல் நுனியில் நிற்பார்கள். நடைவண்டியிலும் குதிக்கும் தொட்டிலிலும் போட்டால் இந்த விறைப்பு வலுக்கும். அவற்றை வாங்காதீர்கள். மடியில் வைத்து, தோளும் இடுப்பும் முன்னோக்கி மடங்கும்படி தாங்கி, இரு கைகளும் நடுவில் சந்திக்கும்படி விளையாடுங்கள்.

பேச்சுக்குத் தேவை உங்கள் பேச்சு. டயப்பர் மாற்றும்போது என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அது "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லிக் காத்திருங்கள். திரைகள் இதற்கு ஈடாகாது.

தாமதிக்காமல் காட்ட வேண்டியவை: மூன்று மாதத்தில் சிரிப்பு இல்லை, முகத்தைக் கண் தொடரவில்லை, நான்கு மாதம் தாண்டியும் தலை நிற்கவில்லை, கை எப்போதும் இறுக மூடியே இருக்கிறது, ஒன்பது மாதம் தாண்டியும் உட்காரவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது, ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, மழலை இல்லை, ஒன்றரை வயதில் நடையோ ஒரு சொல்லோ இல்லை. கற்றுக்கொண்ட ஒன்றை எந்த வயதில் இழந்தாலும் அது அவசரம். ஒரு வயதுக்கு முன் வரும் "வலது கைப் பழக்கம்" பல வீடுகளில் பெருமையாகப் பேசப்படுகிறது. மறு கை பலவீனம் என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் ஒரு நரம்பியல் வளர்ச்சிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். குழந்தை மல்லாந்து கிடக்கும்போது தானாக எழும் நுண்ணிய அசைவுகளை வீடியோ எடுத்துப் பார்த்தே, பயிற்சி பெற்றவர்கள் மூளை முடக்குவாத ஆபத்தை மிகவும் முன்கூட்டிக் கண்டறிகிறார்கள். சில வாரங்களில் அந்த அசைவுகள் மறைந்துவிடும், வாய்ப்பும் போய்விடும். பிசியோதெரபி தேவையென்றால் நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திராமல் அப்போதே தொடங்கலாம்.

வீட்டுப் பயிற்சியைத் தனி வகுப்பாக்காதீர்கள். நாளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி என்று எழுதி வைத்த வீட்டில், ஒரு நாள் தவறினாலே குற்ற உணர்வு வரும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூக்கிச் செல்வது ஆகிய வேலைகளுக்குள் அதைக் கோத்துவிடும்படி தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

படி 7: உங்கள் மனதையும் பரிசோதியுங்கள்

குறைப்பிரசவமான தாய்மார்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குப் பின் மட்டுமல்ல, முதல் ஆண்டு முழுவதும் கவனிக்க வேண்டும். மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ வினாத்தாள் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒன்று உண்டு. கடந்த ஏழு நாட்களைப் பற்றியது, ஐந்து நிமிடம் போதும். டிஸ்சார்ஜின்போதும், திருத்திய வயது ஆறு வாரத்திலும், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களிலும் நிரப்ப, அதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். 30-க்கு 10 அல்லது மேல் வந்தால் பேசிப் பார்க்க வேண்டிய நேரம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் என்னவானாலும், அன்றே உதவி தேடுங்கள். தனியாக இருக்க வேண்டாம்.

சோர்வாக வெளிப்படாத வடிவமும் உண்டு. ஏதோ ஒரு பீப் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடப்பது, மருத்துவமனை இருக்கும் தெருவைத் தவிர்ப்பது, குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாதது, பிறந்தநாள் நெருங்கும்போது காரணம் புரியாத அழுகை. இது அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தம். காலம் ஆற்றும் என்று விட்டுவிடாமல் மனநல நிபுணரைப் பாருங்கள். இதற்கென்றே பலனளிக்கும் பேச்சு சிகிச்சைகள் உள்ளன. தாய்ப்பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மனச்சோர்வு மருந்துகளும் உண்டு.

தந்தையின் சோர்வு வேறு முகத்தோடு வரும். எரிச்சல், வேலையில் புதைந்துகொள்வது, வீட்டுக்குத் தாமதமாக வருவது. குழந்தை ஆபத்தைத் தாண்டிய பிறகுதான் பலருக்கு அது வெளியே வருகிறது. "நீ தைரியமாக இரு" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே வினாத்தாளை அவரும் நிரப்பட்டும்.

இன்னொரு வடிவத்தை வீட்டில் யாரும் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. சாவின் விளிம்பிலிருந்து மீண்ட குழந்தையை, உடல் முழுவதும் தேறிய பின்னும் எளிதில் உடையும் பொருளாகவே நடத்துவது. கிரீன், சோல்னிட் என்ற இரு மருத்துவர்கள் 1964-லேயே இதை விவரித்தார்கள். தரையில் விடுவதில்லை, அழவிடுவதில்லை, "வேண்டாம்" என்று சொல்வதில்லை, சிறு தும்மலுக்கும் மருத்துவமனை. விளைவாகக் குழந்தைக்குத் தூக்கமும் உணவும் குழம்பும், பிரிந்திருக்கப் பயம் வரும், விழுந்து எழுந்து கற்கும் வாய்ப்பு போகும். மாற்றுவதற்கு வழி: அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம், "எங்கள் குழந்தைக்கு இப்போது எந்தெந்தக் கட்டுப்பாடு உண்மையிலேயே தேவை?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலில் இல்லாததை வாரத்துக்கு ஒன்றாகத் தளர்த்துங்கள். முதல் வாரம், கூடத்துத் தரையில் அரை மணி நேரம்.

படி 8: இரண்டு வயதும் அதற்குப் பிறகும்

18 முதல் 24 மாதத்துக்குள் முழுமையான வளர்ச்சி மதிப்பீடு செய்யுங்கள்: அறிவு, மொழி, இயக்கம், நடத்தை. கண் பரிசோதனையும் மறுபடி தேவை. மாறுகண்ணும் கிட்டப்பார்வையும் இவர்களுக்கு அதிகம். இரண்டு வயதோடு திருத்திய வயதைக் கணக்கிடும் வழக்கம் பொதுவாக முடிகிறது. ஆனால் கவனக் குறைவு, கணக்கில் தடுமாற்றம், எழுதுவதிலும் பந்து பிடிப்பதிலும் தடங்கல் ஆகியவை பள்ளி வயதில்தான் தெரியவரும். 34, 35 வாரத்தில் பிறந்து, ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்த குழந்தைக்கும் இது பொருந்தும். அவர்களை யாரும் தொடர்ந்து கவனிப்பதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வகுப்பாசிரியரிடம் எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: டிஸ்சார்ஜ் தாள், தலை ஸ்கேன், கண், காது அறிக்கைகள், எடை அட்டவணை, நீங்கள் எழுதிய சைகைக் குறிப்பு. அடுத்த சந்திப்புக்கான கேள்விகளை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதிகபட்சம் மூன்று கேள்விகள், முக்கியமானது முதலில். மூன்றில் ஒன்று உங்களைப் பற்றியதாக இருக்கட்டும்.